நேற்று மதியம் ஒரு முட்டை

"சாப்டாச்சா அக்கா?" என்று யார் கேட்டாலும் அந்த அக்காவிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான். "ஆச்சு." கேட்டவர் வாயை மூடுவதற்குள் வந்துவிடும். காலை எட்டு மணிக்குக் கேட்டாலும் ஆச்சு, பகல் மூன்று மணிக்குக் கேட்டாலும் ஆச்சு. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படிச் சொல்கிறவர்கள்தான். வழியில் பார்த்த ஆளிடம் சாப்பிட்டாயா என்பது சௌக்கியமா என்று கேட்பது மாதிரி. நின்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அல்ல. ஆனால் அந்த அக்கா சொல்வதில் ஒரு நிறைவு இருக்கும். இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தவர் போல முந்தானை நுனியால் உதட்டை ஒற்றிக்கொள்வார். அந்த ஒற்றலைப் பார்த்தால் நமக்கே வயிறு நிறைந்துவிடும்.

அவர் பெயரை நான் மூன்று தாள்களில் எழுதியிருக்கிறேன். நான்காவது முறை எழுதக் கை வரவில்லை. அக்கா என்றே இருக்கட்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பி.யு.சி. முடித்துவிட்டுக் கருவேப்பிலங்குறிச்சியில் வேலையில்லாமல் இருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவன் நான். கட்டைவிரலை மையில் அழுத்தியே காலத்தைக் கழித்த எங்கள் அப்பாவுக்கு எழுத்தின் மேல் ஒரு பயம் கலந்த மரியாதை. "நாம சொன்னா காத்தோட போயிடும். நீ எழுதுனா அது நிக்கும்டா" என்பார். நானும் அதை நம்பினேன். அப்படியிருந்த சமயத்தில்தான் விருத்தாசலத்தில் ஒரு உணவு ஆய்வுக்குக் கேள்வி கேட்டு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். பெயர் கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள்.

ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அந்தத் தாள்களை வைத்து அவர்கள் உடம்பில் எவ்வளவு சத்து சேருகிறது என்று மெட்ராஸில் கணித்துக்கொள்வார்கள். ஆனால் எங்கள் ஆய்வு அதற்கும் ஒரு படி முந்தியது. அந்தக் கேள்வித்தாளையே நம்பலாமா என்று பார்ப்பதுதான் அது. ஒரே ஆளிடம் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். நாளுக்கு நாள் சாப்பாடு கொஞ்சம் மாறும், அதற்கு விட்டுக்கொடுப்பு உண்டு. அடியோடு மாறினால் அந்தத் தாளை நம்ப முடியாது.

எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். நல்ல மனிதர். கோபப்பட்டுப் பார்த்ததில்லை. முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். "தம்பி, நாம அளக்கறது அவங்க வயித்தை இல்லை, நம்ம கேள்வியை. அதனால சொன்னதை எழுது. பார்த்ததை எழுதாதே." இன்னொன்றும் சொன்னார். பிள்ளைத்தாச்சிப் பெண்களில் யாருக்குச் சத்து குறைவு என்று தாளில் தெரிகிறதோ அவர்கள் பெயர் சுகாதார நிலையத்துக்குப் போகும். அங்கே இரும்புச்சத்து மாத்திரையும் பால் பவுடரும் பிரசவம் வரைக்கும் கிடைக்கும். ஆனால் இதை அவர்களிடம் மூச்சு விடக்கூடாது. விட்டால் ஆசைப்பட்டு மாற்றிச் சொல்வார்கள்.

அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம்.

முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனது சித்திரை வெயிலில். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் ரயில் ரோட்டை ஒட்டி எட்டு ஓட்டு வீடுகள். ஆய்வுக்கு வீடு பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தவனுக்கு ஆறாவது வாசலில் கண் இருட்டிவிட்டது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து வந்தவர் யார் என்ன என்று கேட்கவில்லை. தோளைப் பிடித்து உள்ளே உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"சாப்ட்டிங்களா?"

"ம், சாப்பிட்டேன்க்கா."

"மூஞ்சியே சொல்லுது, சாப்ட்ட மூஞ்சிய. ஒக்காருங்க."

தட்டு வந்தது. சோறு, முருங்கைக்கீரை போட்ட சாம்பார், பாதியாக வகுந்து வைத்த ஒரு அவித்த முட்டை. அவருடைய ஏழு வயது மகள் சுவரோடு ஒட்டி நின்று முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"குடுக்காதிங்க தம்பி. அதுக்கு முட்ட ஆவாது. ஒடம்பெல்லாம் தடிச்சிரும்."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

"நீங்க சாப்டலையாக்கா?"

"ஆச்சு" என்றார். முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு கேட்டேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். கேட்கவில்லை என்றுதான் நினைவு. கேட்டிருந்தாலும் எப்படியாவது போட்டிருப்பார்.

மறுநாள் கேள்வித்தாளோடு போனேன். அவர் பட்டறையில் இருந்தார். கோப்பைக்குப் பிசிறு வழிக்கிற வேலை அவருக்கு. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பையில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தடித்து நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் தடவி, கோடு இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். அதில் அவருக்கு நிகர் அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது. அவர் கையிலிருந்து இறங்கிய கோப்பையை நகத்தால் தடவிப் பார்த்தாலும் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சீவிய மண் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு மடியில் விழுந்துகொண்டிருக்கும்.

"நேத்து மதியம் என்ன சாப்டீங்கக்கா?"

"சோறு. கீர சாம்பாரு. முட்ட ஒண்ணு."

"காலைல?"

"பழையது. ராவுக்கு மதியானத்து மிச்சம். எழுதிக்கிங்க."

எழுதிக்கொண்டேன். எழுதும்போதே ஒன்று உறுத்தியது. நேற்று மதியம் அந்த முட்டையை நானல்லவா சாப்பிட்டேன்? இருந்தும், விருந்தாளிக்கு ஒன்று வைத்தவர் தனக்கும் ஒன்று வைத்திருக்கமாட்டாரா என்று சமாதானம் செய்துகொண்டேன். அதோடு, சொன்னதை எழுது என்பதுதானே உத்தரவு.

அளவு கேட்பதற்கு எங்களிடம் மூன்று கிண்ணங்கள் இருந்தன. சிறியது, நடுத்தரம், பெரியது. சோறு எந்தக் கிண்ணம் என்று காட்டச் சொல்ல வேண்டும். அந்தக் கிண்ணங்களை அதே ஊர்ப் பட்டறை ஒன்றில்தான் செய்து வாங்கியிருந்தார்கள். அக்கா மூன்றையும் வரிசையாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நடுக் கிண்ணத்தை விரலால் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது யாரு வழிச்சது? பூச்சுல ஊசிப் பொத்தலு. இதையெல்லாமா வாங்கிக்கினு போறீங்க?"

"அது இருக்கட்டும்க்கா. எந்தக் கிண்ணத்து அளவு சோறு?"

"இந்தா, இதுதான் கிண்ணம்" என்று பெரியதைத் தூக்கிக் காட்டினார். "இது என் கை வேல."

அன்றைக்கு அந்தப் பட்டறையில் பதினோரு பெண்களைக் கேட்டேன். பதினோரு பேரும் பெரியதைத்தான் காட்டினார்கள். பழுதான கிண்ணத்தைத் தன் சாப்பாட்டுக்கு அளவாகக் காட்ட எந்தப் பீங்கான்காரிக்கு மனசு வரும்? சிறியதோ கோணல். சூப்பர்வைசர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, பட்டறைப் பொம்பளைங்க நல்லாத்தான் சாப்பிடறாங்க" என்றார். நானும் தலையாட்டினேன். கிண்ணத்தைப் பற்றி எனக்கே நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதைச் சொன்னதற்கு, "அதெல்லாம் நாம பார்த்தது, அவங்க சொன்னது இல்லையே" என்று சிரித்தார்.

அக்கா கேலிக்காரி. என்னை "எழுதுற தம்பி" என்றுதான் கூப்பிடுவார். "எழுதுற தம்பி வந்துருச்சி, எல்லாரும் வாயத் தொடச்சிக்கிங்கடி" என்று பட்டறையே கேட்கிற மாதிரி சொல்வார். நான் ஒருநாள், பிள்ளைத்தாச்சி இன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும் என்று படித்ததை ஒப்பித்தேன். "வயிறு என்னா சூளையா தம்பி, அடுக்கிக்கினே இருக்க?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது அந்தச் சூளையே அவிந்து கிடந்தது. சுவர் வெடித்துப்போய் ஆறு வாரமாக நெருப்பு மூட்டவில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்குச் சூளையில் சாமான் அடுக்குகிற வேலை. ஆறு வாரமாக அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் போவார், மத்தியானமே திரும்பி வருவார். சுடுவதற்கு வழியில்லாததால் பச்சைக் கோப்பைகளும் தேங்கிப் போய், அக்காவுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தாளில் இதற்கு இடம் இல்லை.

பக்கத்து வீட்டம்மா என்னைத் தெருமுனையில் மடக்கியது அதற்கப்புறம். கோழி வளர்க்கிறவர், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏந்தம்பி, முட்ட நல்லா இருந்துச்சா?"

"எந்த முட்டைங்க?"

"எந்த முட்டையா! மாசமா இருக்கிறவ, வாயில வெக்கட்டும்னு நான் குடுத்த முட்ட. முழுசா முழுங்கிட்டுப் போனியாமே. அவ பொண்ணு வந்து அழுதுச்சி."

"அதுக்கு முட்டை ஒத்துக்காதுன்னு…"

"அதுக்கா? குடுத்துப் பாரு, ஓட்டோட திங்கும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கி அந்த வூட்ல இருந்ததே அந்த ஒரு தட்டுச் சோறுதான் தம்பி. வடிச்ச கஞ்சிய புள்ளைங்களுக்கு ஊத்திட்டு, சோத்த வூட்டுக்காரருக்குன்னு வெச்சிருந்தா. அவரு வரல, நீ வந்த."

என் கை தானாகத் தாள் இருந்த பையின் மேல் போயிற்று.

"அவ என்னா சாப்புட்டான்னு கேக்கறியா? அதையும் எழுதிக்க. தண்ணி."

பையிலிருந்த அந்த முதல் தாளை அன்று சாயந்திரம் எடுத்துப் பார்த்தேன். சோறு, பெரிய கிண்ணம் ஒன்று. கீரை சாம்பார். முட்டை ஒன்று. என் கையெழுத்து அழகாக இருந்தது. நான் சாப்பிட்டதை அவர் பெயரில் எழுதி வைத்திருந்தேன். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டிலிருந்த ஒரு முழுச் சாப்பாட்டை அவர் சொன்னார், அது யார் வயிற்றுக்குள் போனது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

பதினைந்தாம் நாள் இரண்டாவது முறை கேட்கப் போனபோது நான் உத்தரவை மீறினேன். பட்டறையில் அன்று கூட்டம் இல்லை. அக்கா மூலையில் தனியாக இருந்தார். முகம் ஊதியிருந்தது. கண்ணின் கீழ் இமையைப் பார்த்தால் சுடாத மண் நிறம். மாத்திரை, பால் பவுடர், பட்டியல் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த முட்டை விஷயம் எனக்குத் தெரியும்க்கா. இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்க. உள்ளதைச் சொன்னாத்தான் உங்க பேரு போகும்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. ஒரு கோப்பையை முழுதாக வழித்துப் பலகையில் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"நேத்தா?"

"ம்."

"காலைல ஒண்ணும் இல்ல. மதியானம் நீராகாரம், ஒரு டம்ளரு. பச்ச மொளகா. சாயங்காலம் ஒரு டீ, இங்க குடுத்தாங்க. ராவுக்குப் புள்ளைங்க தட்டுல ஒட்டிக்கினு இருந்தது." ஒவ்வொன்றையும் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, யாரோ வேறு ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். பிறகு மடியைக் காட்டினார். "இதுக்கு எடம் இருக்குதா ஒங்க தாள்ல?"

மடியில் மண்சுருள்கள்.

"எதுக்குக்கா?"

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு முன்னால், மறைக்காமல். "சுட்டது ருசி இல்ல தம்பி. பச்சதான் நல்லா இருக்கும். மழ பேஞ்ச வாசன வரும். பொம்ம மண்ணு வாணாம், பல்லுல கரகரங்கும். கோப்ப மண்ணுதான் நைசு. நாலு சுருளு போட்டா வயிறு கம்முனு கெடக்கும்." முந்தானை நுனியால் உதட்டை ஒற்றிக்கொண்டார். துணியில் வெள்ளை ஒட்டியிருந்தது. இத்தனை நாள் அந்த ஒற்றலைச் சாப்பிட்ட வாய் என்று நினைத்திருந்தேன்.

"எவ்வளவு இருக்கும்க்கா ஒரு நாளைக்கு?"

"கிண்ணம் எடுத்துக்கினு வரலியா?" என்று சிரித்தார். "ஒரு கைப்புடின்னு போட்டுக்கிங்க."

அரிசி, பருப்பு, கீரை, பால், முட்டை, மாமிசம் என்று வரிசையாக இருந்த கட்டங்களுக்குக் கீழே 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதில் எழுதினேன்: களிமண், ஒரு கைப்பிடி.

சூப்பர்வைசர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது ஒரே பொம்பளைதானா?"

"ஆமா சார். முதல் தாள் தப்பு. இதுதான் நிஜம்."

"எது நிஜம்னு நீ எப்படிச் சொல்வே? ரெண்டும் அந்தம்மா வாயால வந்ததுதானே." அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவருக்குக் குழப்பம். "நீ ஏதாவது சொன்னியா அவங்ககிட்ட?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருக்கலாம், வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அவர் செய்தது அதைவிட நியாயமானது. "சரி. மூணாவது தடவை நானே வந்து கேக்கறேன். அது முதல் தாளோட சேர்ந்தா முதல் தாள் நிக்கும், ரெண்டாவதோட சேர்ந்தா ரெண்டாவது நிக்கும். இதைவிட நேர்மையா ஒண்ணும் செய்ய முடியாதுப்பா."

முந்தின நாளே போய் அக்காவிடம் இன்னார் வருகிறார், இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்லி வைக்கலாமா என்று நினைத்தேன். கருவேப்பிலங்குறிச்சியில் பஸ் ஏறக்கூட வந்துவிட்டேன். சாலையோரம் நின்று யோசித்தேன். அது ஏமாற்று என்று பட்டது. படித்தவன் செய்கிற காரியமா என்று திரும்பிவிட்டேன். அந்தப் பஸ் போன பிறகு வந்த புழுதி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். அக்காவின் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து சூப்பர்வைசருக்குப் போட்டார். தான் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்கம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். பிறகு அவர் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். சூளை அவிந்து ஒன்றரை மாதத்துக்கு மேலாக வெறுங்கையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்த மனிதர், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு முன்னால் கைகளை முழங்காலில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு சார். கீர சாம்பாரு. முட்ட ஒண்ணு."

"ரெண்டாவது தடவை வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"அப்பிடியா? இந்தத் தம்பி எப்பவும் பசியோட வரும் சார். அதுக்கு அப்பிடிக் காதுல வுழுந்துருக்கும்."

"மண்ணு சாப்பிடறதா எழுதியிருக்கு."

"மண்ணா!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மண்ண யாராச்சும் திம்பாங்களா சார்? பீங்கான் பட்டறையில இருக்கோம்னு வெளையாட்டுக்குச் சொன்னத எழுதிக்கிச்சி போலிருக்குது."

வீட்டுக்காரரும் சிரித்தார். நாங்கள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். கிண்ணங்களைக் காட்டியபோது அக்கா பெரிய கிண்ணத்தைத் தொட்டார். அந்தத் தாளையும் நான்தான் எழுதினேன்.

அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கையில் நான் தெருவுக்கு வந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"கோவிச்சிக்காதிங்க தம்பி. அந்த ஆளப் பக்கத்துல ஒக்கார வெச்சிக்கினு நான் பட்டினின்னு சொன்னா, அவரு எங்க போயி முழிப்பாரு? அப்புறம் ஊருக்குள்ள நடமாடணுமா வாணாமா?"

"மாத்திரை கிடைக்காதுக்கா."

"குடுத்தா வாங்கிக்குவேன். கேட்டு வாங்க வாய் வர்ல." என் முகத்தைப் பார்த்தார். "சாப்டீங்களா?"

"ஆச்சு" என்றேன்.

"பொய்யி" என்றார்.

முதல் தாளும் மூன்றாவது தாளும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போயின. விட்டுக்கொடுப்பே தேவைப்படவில்லை. மொத்தத் தாள்களிலும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்திய பதில் வேறு யாருடையதும் இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் எழுதிய இரண்டாவது தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'கேட்டவர் பிழை' என்று சிவப்பு மையில் எழுதினார். கேள்வித்தாள் நம்பத்தகுந்தது என்று விருத்தாசலத்திலிருந்து அறிக்கை போயிற்று. பட்டியல் சுகாதார நிலையத்துக்குப் போனது. அக்காவின் பெயர் அதில் இல்லை. சத்து போதுமானவர்களின் தாள்கட்டுக்குள் இருந்தது.

இரண்டாவது தாளைக் கொடுப்பதற்கு முன்னாலேயே முதல் தாளைக் கிழித்துவிட்டு, அதோடு ஒத்துப்போகிற மாதிரி வேறொன்றை நானே எழுதியிருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. ஆறாவது வாசலில் ஒரு தட்டுச் சோறு தின்ற நன்றிக்காவது ஒரு பொய் எழுதியிருக்கலாம். எனக்கு எழுத்தின் மேல் இருந்த பக்தி விடவில்லை. அந்தப் பக்தியை இப்போது நினைத்தால் வாயில் மண் கரகரக்கிறது.

எட்டாம் மாதத்தில் உதிரப்போக்கு. இங்கே முடியாது என்று வண்டி பிடித்துச் சிதம்பரத்துக்குக் கொண்டு போனார்கள். சேத்தியாத்தோப்புத் தாண்டவில்லை. பிள்ளையும் போய்விட்டது. உடம்பில் ரத்தமே இல்லை, காகிதம் மாதிரி இருந்தாள் என்று கூடப் போன பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் காலையிலேயே போயிருந்தேன். சூளையில் மறுபடி நெருப்பு மூட்டியிருந்தார்கள். புகை வீட்டுக் கூரை மேலேயே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா அடுப்பின் முன் உட்கார்ந்து, அரிசி களைந்துவிட்டுக் காத்திருந்தார். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். கவுச்சியும் படைக்கிற வழக்கம்தான் அங்கே.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவளுக்கு என்னா புடிக்கும்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியல தம்பி. எட்டு வருசம் குடும்பம் நடத்திருக்கேன். எல்லாரும் தின்னப்புறந்தான் அவ ஒக்காருவா. மாசி மகத்துல பொட்டலம் வாங்கியாந்தா புள்ளைங்களுக்குப் பிரிச்சிக் குடுத்துட்டு எனக்கு ஆச்சும்பா. அவ தட்டுல என்னா இருந்துச்சின்னு நான் எட்டிப் பார்த்ததே இல்ல. நீங்க மூணு தரம் கேட்டு எழுதுனீங்களே. நீங்க சொல்லுங்க, அவ என்னா சாப்புட்டா?"

பக்கத்து வீட்டம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். எங்கே போய் முழிப்பார்?

"சோறு, முருங்கைக்கீரை சாம்பார்" என்றேன். "முட்டை ஒண்ணு."

"முட்டையா? முட்ட புடிக்குமா அவளுக்கு?"

"எப்பவும் அதைத்தான் சொல்வாங்க."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பக்கத்து வீட்டம்மா எழுந்துபோய்த் தன் வீட்டிலிருந்து ஒரு முட்டை கொண்டுவந்தார்.

உச்சிப் பொழுதில் இலை போட்டார்கள். சோற்றைக் குவித்துச் சாம்பார் ஊற்றி, முட்டையை இரண்டாக வகுந்து வைத்தார்கள். நான் அன்று சாப்பிட்ட அதே சாப்பாடு. கற்பூரம் ஏற்றப்போகும்போது அக்காவின் மகள் வந்தாள். ஒரு கையை இறுக மூடியிருந்தாள். யாரையும் கேட்காமல் இலை ஓரத்தில் கையைத் திறந்தாள். ஐந்தாறு வெள்ளை மண்சுருள்கள்.

"இதுதான் அம்மா தின்னும்" என்றாள்.

"ஏய், சும்மாரு!" என்று பக்கத்து வீட்டம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

வீட்டுக்காரர் அந்தச் சுருள்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அவர் இலையின் மேல் குனிந்தார். எடுத்து எறியப் போகிறார் என்று நினைத்தேன். முட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்து அதற்கு இடம் விட்டார்.